கதவைத் தட்டுகிறவரிடம் நாம் கேட்க வேண்டியவை

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. சங்க அலுவலகத்தில் சந்தாப் பேரேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். தாராவி தொண்ணூறடிச் சாலைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி வந்தார். நான்காக மடித்த தாள் ஒன்றை மேசைமீது வைத்தார். “அண்ணாச்சி, இதுல என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. முந்தாநாள் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்தாங்க. கையெழுத்தும் வாங்கிட்டாங்க” என்றார்.

படித்துப் பார்த்தோம். நான்கு பக்கம், முழுவதும் ஆங்கிலம். சர்க்கரை நோயைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி. இரண்டு ஆண்டுக் காலம், ஆறு மாதத்திற்கு ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். விருப்பமில்லாதவர் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். சோதனை முடிவைப் பதினைந்து நாள் கழித்துக் குறிப்பிட்ட அறைக்கு வந்து பெற்றுக்கொள்ளலாம். கடைசிப் பக்கத்தில், ‘மேற்கண்டவற்றைப் படித்துப் புரிந்துகொண்டு மனமுவந்து ஒப்புதல் அளிக்கிறேன்’ என்ற பொருள்பட்ட ஆங்கில வாசகத்தின் கீழே, அந்தச் சகோதரி அழகான தமிழ் எழுத்தில் தம் பெயரை எழுதியிருந்தார்.

அவர் திருநெல்வேலிச் சீமையில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். இதே தாளைத் தமிழில் கொடுத்திருந்தால் நம்மைத் தேடி வந்திருக்க வேண்டியதே இல்லை. வந்தவர்கள் இந்தியில் விளக்கம் சொன்னார்களாம். அவருக்குத் தெரிந்த இந்தியோ காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவதற்கும், பள்ளிக்கூட வாசலில் ‘என் பிள்ளை எங்கே’ என்று கேட்பதற்கும் போதுமான இந்தி. சர்க்காரில் இலவசமாகச் சர்க்கரை பார்க்கிறார்கள் என்று எண்ணிக் கையை நீட்டியிருக்கிறார். முடிவை எங்கே போய் வாங்குவது என்பதுகூட அவருக்குத் தெரியாது.

வந்தவர்கள் மோசடிக்காரர்கள் அல்லர். விசாரித்து அறிந்தோம்; முறையாக அனுமதி பெற்று நடக்கும் ஆராய்ச்சிதான். இருந்தும் குறை குறைதான். இது ஒரு வீட்டில் நடந்த சின்னச் செய்தி என்று விட்டுவிட நமக்கு மனம் வரவில்லை. கல்வியாகட்டும், விஞ்ஞானமாகட்டும், பொறியியலாகட்டும், மருத்துவமாகட்டும், ஆராய்ச்சி என்ற பெயரில் நம் குடியிருப்புகளுக்குள் வருவோர் தொகை பெருகிவருகிறது. அவர்களிடம் நாம் எப்படி நடந்துகொள்வது என்பதில் சங்கத்துக்கு ஒரு தெளிவான நிலை வேண்டும். அதை இந்த இதழில் சொல்லிவிட விரும்புகிறோம்.

நாம் செய்த தவறு

பிறரைக் குறை கூறுமுன் நம் தவறை ஒப்புக்கொள்வது நேர்மை. 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குடியுரிமைச் சட்டமும் மக்கள்தொகைப் பதிவேடும் நாடெங்கும் அச்சத்தைக் கிளப்பிவிட்டிருந்த நேரம். ‘பிறந்த ஊர் எது, தகப்பன் பிறந்த ஊர் எது என்று கேட்டு நம்மை வெளியேற்றிவிடுவார்களோ’ என்று பிழைக்க வந்த குடும்பங்கள் நடுங்கிக் கிடந்தன. அப்போது நம் சங்கமே ஒலிபெருக்கி கட்டி, ‘பட்டியலும் கையுமாக யார் வந்தாலும் பதில் சொல்லாதீர்கள், கதவைத் திறக்காதீர்கள்’ என்று அறிவித்தது.

அச்சம் நியாயமானது. அறிவிப்பு அவசரமானது. அடுத்த வாரம் காசநோய் கண்டறியும் சுகாதாரப் பணியாளர்கள் வந்தார்கள். ‘இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவர் உண்டா?’ என்று கேட்கத்தான் வந்தார்கள். நம் சொல்லை நம்பி மக்கள் கதவைச் சாத்தினார்கள். அந்த வரிசையில் ஒரு வீட்டில் தோல் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இருமிக்கொண்டிருந்தார். பிறகு ஊரடங்கு வந்தது. மாதக்கணக்கில் மருத்துவரைப் பார்க்க வழியில்லை. அவருக்கு நோய் இன்னதென்று தெரிந்தபோது ஒரு பக்க நுரையீரல் பெரும்பாலும் கெட்டிருந்தது. அவருடைய தங்கைக்கும் தொற்றியிருந்தது. இருவரும் பிழைத்துக்கொண்டார்கள் என்பது ஆறுதல். ஆனால் அந்தத் தாய் நம்மைப் பார்த்து, “நீங்க சொன்னீங்கன்னுதானேய்யா கதவச் சாத்தினேன்” என்று கேட்டதற்கு இன்றுவரை நம்மிடம் பதில் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவது ஒரு தவறு. கண்ணை மூடிக்கொண்டு கதவைச் சாத்துவது இன்னொரு தவறு. முதலாவதை நம் மக்கள் அறியாமல் செய்கிறார்கள். இரண்டாவதை அவர்களைச் செய்ய வைத்தவர்கள் நாம். இதை இங்கே பதிவு செய்கிறோம்.

வாசலில் வந்து நிற்பவர்கள் மூன்று வகையினர் என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஒருவர் அரசின் கணக்கெடுப்பாளர்: மக்கள்தொகை, குடிசைச் சீரமைப்பு போன்றவற்றுக்காக வருபவர். இரண்டாமவர் சுகாதாரப் பணியாளர்: சளி பார்க்கவும், சொட்டு மருந்து கொடுக்கவும், நமக்கு வைத்தியம் செய்யவும் வருபவர். மூன்றாமவர் ஆராய்ச்சியாளர்: நம்மிடமிருந்து ஒன்றைத் தெரிந்துகொண்டு, அதை எல்லோருக்கும் பொதுவான அறிவாக ஆக்க வருபவர். முன்னிருவர் கடமை வேறு; இவர் கடமை வேறு. நாம் மூவரையும் ஒன்றாக்கிப் பார்த்ததால் வந்த வினைதான் மேலே சொன்னது.

ஆராய்ச்சி நமக்கு எதற்கு?

‘அன்றாடம் கூலிக்குப் போகிறவனுக்கு ஆராய்ச்சி எதற்கு’ என்று கேட்கும் தோழர்கள் உண்டு. ரயில்வேயில் வேலை பார்க்கும் நமக்கு நன்கு தெரிந்த ஒன்றிலிருந்தே தொடங்குவோம்.

மும்பைப் புறநகர் ரயில் பாதைகளில் 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் மாண்டார்கள். தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டவர்கள் அதில் பெரும்பகுதியினர். ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவு இதை அத்துமீறி நுழைதல் என்கிறது. அபராதமும் சிறையும் உண்டு. சட்டம் இருந்தும் சாவு நிற்கவில்லை. 2010-ஆம் ஆண்டையொட்டி, மனித நடத்தையை ஆராயும் குழு ஒன்று வடாலா அருகே வந்து நின்று, ‘இவர்கள் ஏன் கடக்கிறார்கள்’ என்று மட்டும் கேட்காமல், ‘வண்டி வருவது கண்ணுக்குத் தெரிந்தும் ஏன் அடிபடுகிறார்கள்’ என்று கேட்டது. பெரிய உருவம் ஒன்று நம்மை நோக்கி வரும்போது அதன் வேகத்தை நம் கண் குறைத்தே மதிப்பிடுகிறது. குற்றம் கால்களில் மட்டுமில்லை, கண்ணிலும் இருக்கிறது. ஆகவே தண்டவாளக் கட்டைகளில் விட்டுவிட்டு மஞ்சள் வண்ணம் பூசினார்கள். மஞ்சள் பட்டைகளை வண்டி ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வருவதைப் பார்ப்பவனுக்கு அதன் உண்மையான வேகம் புரிந்தது. ஒரே நீண்ட ஊதலுக்குப் பதிலாக, காதைத் திடுக்கிட வைக்கும்படி விட்டுவிட்டு இருமுறை ஊதச் செய்தார்கள். வண்டி மோதவிருக்கும் மனிதனின் முகத்தைப் பெரிய படமாக வைத்தார்கள். அவ்விடத்தில் சாவு வெகுவாகக் குறைந்தது.

பெரிய இயந்திரம் ஏதும் வேண்டியிருக்கவில்லை. சில டப்பா வண்ணமும், சரியான ஒரு கேள்வியும் போதுமாயிருந்தன. உழைப்பாளியைக் குற்றவாளியாகப் பார்த்தவரை விடை கிடைக்கவில்லை. அவனையும் மனிதனாகப் பார்த்தபோது விடை கிடைத்தது. நல்ல ஆராய்ச்சி என்று நாம் சொல்வது இதைத்தான். நடைமேம்பாலம் கட்டித் தர வேண்டிய நிர்வாகத்தின் கடமை இதனால் தீர்ந்துவிடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

சென்னையின் ஏழைகள் உலகுக்குக் கொடுத்தது

காசநோய்க்கு அந்தக் காலத்தில் ஒரே வழியாகக் கருதப்பட்டது சானடோரியம். ஊருக்கு வெளியே நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, இறைச்சி. பணக்காரர் போனார்கள். ஏழைக்கு இடமுமில்லை, வேலையை விட்டுவிட்டுப் போகவும் முடியாது. ஐம்பதுகளில் நல்ல மாத்திரைகள் வந்துவிட்டன. ஆனால், ‘குடிசையில் நெருக்கியடித்து வாழ்கிறவன் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டால் குணமாகுமா? கூட இருப்பவர்களுக்கு நோயைப் பரப்பிவிட மாட்டானா?’ என்ற கேள்விக்கு உலகில் யாரிடமும் உறுதியான விடை இல்லை.

1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை சேர்ந்து அதை நிறுவின. டாக்டர் வாலஸ் பாக்ஸ் பொறுப்பேற்று நடத்தினார். சென்னை நகரத்து ஏழை நோயாளிகள், 200-க்குச் சற்றுக் குறைவானவர்கள், குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்துக்குப் போனார்கள். இன்னொரு பிரிவினர் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இருவருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்து. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல உணவும் ஓய்வும் கிடைத்தன. வீட்டிலிருந்தவர்களுக்கு அவை கிடைக்கவில்லை. 1959-ல் முடிவுகள் வெளியாயின. குணமானதில் இரு பிரிவினருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தும், வீட்டிலிருந்து மருந்து உண்டவர்களின் குடும்பத்தில் நோய் அதிகமாகப் பரவவில்லை.

இந்த ஒரு முடிவால் உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வந்தது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் கோடிக்கணக்கான ஏழைகள் வீட்டிலிருந்தபடியே குணமடைய வழி பிறந்தது. மருத்துவப் பணியாளரின் கண்முன்னே மாத்திரை விழுங்கும் முறைக்கும் அதே மையத்தின் பிந்தைய ஆராய்ச்சிகள் அடித்தளமாயின. இன்று மும்பையில் மையத்துக்குப் போய் நாம் இலவசமாக மாத்திரை வாங்கி வருகிறோம் என்றால், அதன் பின்னால் சென்னைச் சேரிகளில் வாழ்ந்த பெயர் தெரியாத நம் மக்களின் சளியும் பொறுமையும் இருக்கின்றன. அவர்களில் ஒருவருக்கும் சிலை இல்லை. அவர்கள் கதவைச் சாத்தியிருந்தால் உலகம் இன்னும் எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்திருக்குமோ!

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. ‘மருந்து இருந்தால் போதும், சாப்பாடு முக்கியமில்லை’ என்று அந்த முடிவைச் சிலர் தங்கள் வசதிக்குத் திரித்துக்கொண்டார்கள். அது ஆராய்ச்சி சொன்ன முடிவு அல்ல. நோய் வந்தவன் மருந்தால் குணமாவானா என்பதுதான் அன்று கேட்கப்பட்ட கேள்வி. நோய் யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது என்பது வேறு கேள்வி. அந்த வேறு கேள்வியை, சென்னை மையத்தின் வழிவந்த தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் மற்றவர்களும் சேர்ந்து 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் கேட்டார்கள். டாக்டர் அனுராக் பார்கவாவும் டாக்டர் மாதவி பார்கவாவும் முன்னின்று நடத்திய ஆராய்ச்சி அது. 2,800 நோயாளிகளுக்கு மாதந்தோறும் உணவுப் பொருட்கள் கொடுத்தார்கள். அவர்கள் வீட்டிலிருந்த 10,345 பேரில் ஒரு பிரிவினருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். மற்றப் பிரிவினர் வழக்கமான உணவையே உண்டார்கள்.

2023-ல் முடிவு வெளியாயிற்று. உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. தொற்றும் வகை நோய் 48 விழுக்காடு, அதாவது ஏறக்குறையப் பாதி குறைந்தது. மருந்தின் முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை கூடிய நோயாளிகளிடையே மரணமும் குறைவாக இருந்தது.

தோழர்களே, இது நமக்கு வெறும் புள்ளிவிவரம் இல்லை. கோரிக்கை மனு எழுதுவதற்கான ஆயுதம். நோயாளிக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த ஊட்டச்சத்து உதவித்தொகையை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக மத்திய அரசு உயர்த்தியது. இத்தகைய சான்றுகள் கையில் இருந்தால்தான் இப்படிப்பட்ட உயர்வைக் கேட்க முடியும். ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டத்தில் ஊர் அட்டையை வைத்து இங்கே நாம் வாங்குவது தானியம் மட்டுமே. அதில் பருப்பு இல்லை. பருப்பும் சேர்த்துக் கொடு என்று நாம் கேட்டால், ‘காரணம் என்ன’ என்று அதிகாரி கேட்பார். ஜார்க்கண்டின் பத்தாயிரம் ஏழைகள் நமக்காகக் காரணத்தை நிரூபித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

கல்வியிலும் அப்படித்தான். 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வதோதராவிலும் மாநகராட்சிப் பள்ளிகளில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. பிரதம் என்ற தொண்டு நிறுவனம், அந்தந்தப் பேட்டையிலேயே வாழும், பள்ளிப் படிப்பு முடித்த இளம்பெண்களைத் தேர்ந்து, சில நாள் பயிற்சி கொடுத்து, படிப்பில் பின்தங்கிய குழந்தைகளைத் தனியே அமர்த்தி எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்க வைத்தது. ‘பால்சகி’ என்று அவர்களுக்குப் பெயர். மாதச் சம்பளம் சில நூறு ரூபாய்தான். பொருளாதார அறிஞர்கள் பானர்ஜி, டூஃப்லோ முதலியோர் அதன் பலனை அளந்தார்கள். பின்தங்கிய குழந்தைகளே அதிகம் முன்னேறினார்கள் என்பது தெரிந்தது. 2007-ல் அம்முடிவு வெளிவந்தது. இத்தகைய பரிசோதனை முறைக்காக அவ்விருவரும் கிரெமர் என்பவரும் 2019-ல் நோபல் பரிசு பெற்றார்கள். இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. சில பள்ளிகளுக்கு ஒரு வகுப்பிலும், மற்றப் பள்ளிகளுக்கு வேறு வகுப்பிலும் பால்சகியைக் கொடுத்து ஒப்பிட்டார்கள். எந்தப் பள்ளியையும் வெறுங்கையுடன் விட்டுவிடவில்லை. ஆராய்ச்சியும் நடந்தது, நியாயமும் கெடவில்லை.

மறுபக்கத்தையும் பார்ப்போம்

எல்லா ஆராய்ச்சியிலும் இந்த நியாயம் எளிதில் அமைந்துவிடுவதில்லை. நம் மும்பையிலேயே நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1998-ல் டாட்டா நினைவு மருத்துவமனை, அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் நிதியுதவியுடன், குடிசைப் பகுதிப் பெண்களிடையே ஒரு பெரிய ஆராய்ச்சியைத் தொடங்கியது. 35 முதல் 64 வயது வரையுள்ள ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பெண்கள். ஒரு பாதியினருக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை, கர்ப்பப்பை வாயில் வினிகரின் அமிலத்தைத் தடவி, வெள்ளைத் திட்டு தோன்றுகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை. செய்தவர்கள் பத்தாவது படித்துப் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள். மறு பாதியினருக்குச் சோதனை இல்லை. புற்றுநோயின் அறிகுறிகள் பற்றி ஒருமுறை எடுத்துச் சொன்னதோடு சரி.

பன்னிரண்டு ஆண்டு கழித்து முடிவு தெரிந்தது. சோதனை செய்யப்பட்ட பிரிவில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 31 விழுக்காடு குறைந்தது. இந்தியாவில் ஆண்டுக்கு 22,000 பெண்களின் உயிரை இந்த வினிகர் சோதனையால் காக்க முடியும் என்று ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். 2016-ல் மத்திய அரசு 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இச்சோதனை செய்ய வழிகாட்டு நெறி வெளியிட்டது. மகத்தான பலன், மறுக்கவில்லை.

ஆனால் சோதனை செய்யப்படாத பிரிவில் இறந்த பெண்கள்? சோதனை செய்தால் உயிர் பிழைக்கும் என்று மேலைநாடுகளில் பல காலமாகத் தெரிந்திருந்தபோது, ஒரு பிரிவை விட்டுவைத்துப் பார்ப்பது சரியா என்று உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் கண்டனம் எழுந்தது. ‘இந்தியாவில் ஏழைப் பெண்களுக்கு அன்று எந்தச் சோதனையும் கிடைக்கவில்லை. இருந்த நிலையை விட மோசமாக எதையும் நாங்கள் செய்யவில்லை. மேலைநாட்டுச் சோதனை முறையை இங்கே நடத்த ஆளும் கூடமும் இல்லை’ என்று ஆராய்ச்சியாளர்கள் பதிலளித்தார்கள். இரு தரப்பிலும் கற்றறிந்தவர்கள் இருக்கிறார்கள். தீர்ப்புக் கூறும் தகுதி மெட்ரிகுலேஷன் படித்த நமக்கில்லை. இருப்பினும் ஒன்று சொல்வோம். ‘ஏழைக்கு ஏற்கெனவே ஒன்றும் கிடைக்கவில்லை’ என்பது ஆராய்ச்சியாளரின் குற்றம் அல்ல, ஆட்சியாளர்களின் குற்றம். ஆனால் அந்த இல்லாமையே ஆராய்ச்சிக்கு வசதியாகிவிடுகிறபோது, ஏழை மிக விழிப்பாக இருக்க வேண்டியவனாகிறான். ஜார்க்கண்டில் பருப்புப் பெறாத வீடுகளைப் பற்றியும் இதே கேள்வியை நாம் கேட்கலாம், கேட்க வேண்டும்.

நமக்குள்ள உரிமைகள்

இப்படிக் கேட்டவர்கள் இருந்ததால்தான் சட்டம் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1980-ல் முதன்முதலாக நெறிமுறை வெளியிட்டது; 2017-ல் வெளியிட்டதில் அவை விரிவாக இருக்கின்றன. மருந்துப் பரிசோதனைகளில் நடந்த முறைகேடுகளை எதிர்த்து இந்தூரைச் சேர்ந்த ஸ்வாஸ்த்ய அதிகார் மஞ்ச் 2012-ல் உச்ச நீதிமன்றம் சென்றது. அந்த வழக்கில் 2013-ல் ஒப்புதல் பெறுவதை ஒலி-ஒளிப் பதிவு செய்யும்படி நீதிமன்றம் ஆணையிட்டது. 2019-ல் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள் வந்தன. இவற்றின்படி நம் வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டியவை:

ஒப்புதல் தாளும் விளக்கமும் நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவராயின், ஆராய்ச்சியோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் முன்னிலையில் படித்துக்காட்ட வேண்டும். கையெழுத்திட்ட தாளின் நகல் நம்மிடம் தரப்பட வேண்டும். எந்த நேரத்திலும், காரணம் கூறாமலே, விலகிக்கொள்ளலாம். விலகியதற்காக நமக்கு வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சையை நிறுத்தக் கூடாது. ஒவ்வொரு ஆராய்ச்சியையும் ஒரு நெறிமுறைக் குழு பார்த்து அனுமதித்திருக்க வேண்டும். மருந்துப் பரிசோதனைக்கான குழுவில் குறைந்தது ஏழு பேர். அவர்களில் சட்டம் அறிந்தவர், பெண் உறுப்பினர், மருத்துவம் படிக்காத பொதுமகன் ஆகியோர் இருந்தாக வேண்டும். பாதிப்பேர் அந்த நிறுவனத்தைச் சேராதவராக இருக்க வேண்டும். பரிசோதனையில் உடலுக்குக் கேடு நேர்ந்தால் இலவச மருத்துவமும், கேடு பரிசோதனையால் வந்ததென்றால் இழப்பீடும் உண்டு. இந்தியாவில் நடக்கும் மருந்துப் பரிசோதனைகள் 2009 ஜூன் முதல் பொதுப் பதிவேட்டில் பதியப்பட வேண்டும் என்பதும் கட்டாயம்.

பார்சல் அலுவலகத்தில் ஒரு மூட்டை வெங்காயத்தை ஏற்றினாலும் ரசீது கொடுக்கிறோம். மூட்டையில் என்ன இருக்கிறது, எங்கே போகிறது, யார் பெறுகிறார், தொலைந்தால் யார் பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கும். நம் ரத்தத்துக்கும் நம் பிள்ளையின் மதிப்பெண்ணுக்கும் நம் வீட்டு வரவுசெலவுக்கும் அந்த ரசீதுகூட வேண்டாமா?

ஆகவே கதவைத் தட்டுகிறவரை மரியாதையாக உள்ளே அழையுங்கள். தண்ணீர் கொடுங்கள். பிறகு கேளுங்கள்: நீங்கள் கணக்கெடுப்பா, வைத்தியமா, ஆராய்ச்சியா? எந்த நிறுவனம்? எதைத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறீர்கள்? அனுமதி கொடுத்த குழு எது? என் பெயர் வெளியே தெரியுமா? இதில் எனக்கு என்ன ஆபத்து, என்ன பலன்? முடிவை எனக்கு எப்போது, எங்கே சொல்வீர்கள்? இந்த ஏழு கேள்விக்கும் நேர்மையான ஆராய்ச்சியாளர் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார். சுளிக்கிறவரிடம், ‘சங்கத்தில் கேட்டுவிட்டுச் சொல்கிறோம்’ என்று கூறுங்கள். ஒப்புக்கொண்டபின் உண்மையைச் சொல்லுங்கள். குடிக்கிறவர் குடிப்பதில்லை என்றும், பள்ளியை விட்ட பிள்ளை படிக்கிறான் என்றும் மானத்துக்கு அஞ்சி மாற்றிச் சொன்னால், நாளை வரும் திட்டமும் அந்தப் பொய்யின் மேல்தான் கட்டப்படும்.

ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு நம் சங்கம் வைக்கும் கோரிக்கைகள் மூன்றுதாம். தமிழர் வாழும் பகுதிக்கு வரும்போது தமிழில் அச்சிட்ட தாளோடு வாருங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லையென்றால் நாமே இலவசமாகச் செய்து தருகிறோம். நெறிமுறைக் குழுவில் பொதுமகன் இடத்துக்கு ஓய்வுபெற்ற அதிகாரிகளையே தேடாமல், உழைப்பாளர் குடியிருப்பிலிருந்தும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சி முடிந்ததும் ஒரு பக்க அளவில் முடிவை எழுதி எங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். உங்கள் பத்திரிகையில் வெளியாவது உங்களுக்குப் பெருமை. எங்கள் பலகையில் ஒட்டப்படுவது எங்களுக்குப் பயன்.

தொடக்கத்தில் சொன்ன சகோதரியை பதினைந்தாம் நாள் நம் மகளிர் அணித் தோழியர் ஒருவர் அழைத்துச் சென்றார். முடிவைக் கேட்டு வாங்கினார்கள். சர்க்கரை அளவுக்கு மேல் இருந்தது. அன்றே மாத்திரை தொடங்கப்பட்டது. ஆராய்ச்சியிலிருந்து விலகிக்கொள்கிறீர்களா என்று அவரைக் கேட்டோம். “இல்ல அண்ணாச்சி, இருக்கேன். எனக்குத் தெரிஞ்ச மாதிரி நாலு பேருக்குத் தெரியட்டும். ஆனா அடுத்த தடவ தாளத் தமிழ்ல கொண்டாரச் சொல்லுங்க” என்றார்.

தமிழ்த் தாளை நாம் மொழிபெயர்த்து அந்த நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டோம். அடுத்த முறை அவர்கள் அதைக் கொண்டுவருகிறார்களா என்று பார்த்து, வந்தாலும் வராவிட்டாலும், இதே பக்கத்தில் எழுதுவோம். வாசகர்கள் வீட்டிலும் இத்தகைய தாள்கள் கிடந்தால் ஞாயிறு மாலைகளில் சங்கத்துக்கு எடுத்து வாருங்கள். உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொல்கிறோம்.